அஃறிணை இல்லாத வீடு

களமசேரித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் தங்கி வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது பழகிய காட்சிதான். இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும்போது வாசற்படியில் ஒரு நாய் சுருண்டு கிடக்கும். அது எந்த வீட்டு நாயும் அல்ல. மிஞ்சிய சோற்றை ஒருவர் வைப்பார். அடுத்த அறைக்காரர் கல்லை எடுப்பார். அதை வைத்து இருவருக்கும் வாக்குவாதம் முற்றுவதும் உண்டு.

வாசலுக்கு வந்த இத்தகைய வாயில்லாப் பிராணிகளைத் தம் குடும்பத்தாராகவே ஏற்று, அரை நூற்றாண்டுக் காலம் அவற்றுடன் வாழ்ந்த தமிழர் ஒருவர் உண்டு. அவர் திருவண்ணாமலை ரமண மகரிஷி. அவருடைய உபதேசங்களைப் பற்றி எழுதியவர்கள் பலர். அவருடைய வீட்டைப் பற்றி இங்கே பார்ப்போம்.

1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர் வேங்கடராமன். தந்தை சுந்தரமய்யர் அவ்வூரில் வக்கீல். அவர் 1892-ல் காலமானதும் குடும்பம் சிதறியது. வேங்கடராமனும் அண்ணன் நாகசுவாமியும் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படித்தார்கள். 1896-ம் ஆண்டு பதினாறு வயதில் திடீரென்று மரண பயம் அவரைப் பற்றியது. சாவது உடலா, தானா என்று உள்ளே பார்த்தவர் அன்றோடு மாறிப்போனார். ஆகஸ்டு மாத இறுதியில், அண்ணனின் கட்டணம் செலுத்தக் கொடுத்த ஐந்து ரூபாயில் வழிச்செலவுக்கென மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறினார். செப்டம்பர் 1-ம் தேதி அவர் திருவண்ணாமலை சேர்ந்தபோது அங்கே அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஊர் அவரை மாலை போட்டு வரவேற்கவில்லை. ஆயிரங்கால் மண்டபத்தில் மௌனமாக உட்கார்ந்திருந்த அந்தப் பையனைச் சிறுவர்கள் கல்லால் அடித்தார்கள். அதற்குத் தப்பிப் பாதாள லிங்கக் குகைக்குள் போனால், அங்கே எறும்பும் பூச்சியும் தொடைகளைக் கடித்துப் புண்ணாக்கின. சீழும் ரத்தமும் வடிய, உடல் நினைவின்றி உட்கார்ந்திருந்தவரைச் சிலர் மெல்லத் தூக்கி வெளியே கொணர்ந்தார்கள். சேஷாத்திரி சுவாமிகளும் அந்நாளில் அவருக்குக் காவலாக நின்றவர்களில் ஒருவர். கேட்பாரற்றுக் கிடந்து, கல்லடி பட்டு, பிறர் கருணையால் பிழைத்தவர் அவர். பின்னாளில் அவர் அமைத்த குடும்பத்தைப் புரிந்துகொள்ள இதை நாம் மறக்கலாகாது.

1897-ல் அவருக்குத் தொண்டு செய்ய வந்து சேர்ந்தவர் பழனிசாமி. இவர் மலையாள நாட்டவர். நாம் பிழைப்புக்காக எந்த மலைத்தொடரைத் தாண்டி இங்கே வந்தோமோ, அதே மலைத்தொடரைத் தாண்டி அங்கே போய், தமிழ் மண்ணில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தாய் போல அவரைப் பேணியவர். 1899 முதல் இருவரும் மலைமேல் விரூபாட்ச குகையில் வசித்தார்கள். பிச்சைச் சோறே உணவு. வந்ததை எல்லோரும் பங்கிட்டு உண்பார்கள். அந்தப் பங்குக்கு நாய்களும் குரங்குகளும் வந்து சேர்ந்தன.

தமிழில் மனிதரை உயர்திணை என்றும் விலங்கை அஃறிணை என்றும் பிரித்துப் பேசுகிறோம். மகரிஷியின் பேச்சில் அந்த எல்லைக் கோடு இருந்ததில்லை. நாயையும் பசுவையும் அவர் அது என்று சொன்னதே கிடையாது. அவன், அவள் என்றே சொல்வார். பையன்களுக்குச் சாப்பாடு ஆயிற்றா என்று அவர் விசாரித்தால், ஆசிரமத்து நாய்களைத்தான் கேட்கிறார் என்று பொருள். பேச்சில் இருந்தது பந்தியிலும் இருந்தது. முதலில் நாய்களுக்கு, அடுத்து வாசலில் நிற்கும் ஏழைகளுக்கு, கடைசியாகத்தான் பக்தர்களுக்கு. வெளியூரிலிருந்து வண்டி கட்டி வந்த பெரிய மனிதர்களும் இந்த வரிசையில் கடைசியில்தான் நின்றார்கள்.

ஆனாலும் அந்த வீட்டில் தவறே நடக்கவில்லை என்று எண்ணிவிட வேண்டாம். விரூபாட்ச குகை நாட்களில், கூட இருந்த ஒரு சிறு நாயைப் பழனிசாமி கடிந்து பேசினார். அது நேரே சங்குத் தீர்த்தத்தை நோக்கி ஓடியது. சற்று நேரத்தில் அதன் உடல் நீரில் மிதந்தது. பிராணிகளுக்கும் மானம் உண்டு, யாரும் அவற்றிடம் கடுமை காட்டக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது.

பிறகு வந்தவன் சின்னக் கருப்பன். உடல் முழுதும் கறுப்பு. முதலில் புதர்களுக்கு அப்பால் எட்ட நின்றே பார்ப்பான், கிட்டே வரமாட்டான். அவன் தனிமையைக் குலைக்காமல், அவன் இருக்குமிடத்தில் சோற்றை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். ஒரு நாள் மலையேறிப் போகையில் திடீரென்று பாதையில் பாய்ந்து வந்து, கூட்டத்தில் மகரிஷியை மட்டும் தேடிப் பிடித்து, வாலை ஆட்டிக்கொண்டு மேலே தாவினான். அன்று முதல் குகையில் ஒருவனாகிவிட்டான். வந்தவர் போனவர் எல்லோர் மடியிலும் ஏறிப் படுப்பான். போ என்றால் மறுபேச்சின்றிப் போய்விடுவான். ஒரு சமயம் பழனிசாமி முகம் கொடுக்காமல் கடுமையாக நடந்துகொண்டபோது, கொட்டும் மழைக் குளிரில் வெளியேறி, எங்கோ ஒரு கரி மூட்டையின் மேல் இரவு முழுவதும் கிடந்தான். காலையில்தான் அழைத்து வர முடிந்தது.

ஒரு நாள் குகைக்கு அருகே வில்வ மரத்தடியில் ஆசாரமான அந்தணர் ஒருவர் ஜபம் செய்துகொண்டிருந்தார். நாய் தீட்டு என்று நினைப்பவர் அவர். சின்னக் கருப்பனுக்கு அந்த வேற்றுமை தெரியாது. அவரிடமும் நட்போடு நெருங்கினான். அவர் மனம் புண்படுமே என்று குகைவாசி ஒருவர் குச்சியால் ஒரு தட்டு தட்டினார். பலமான அடி இல்லை. சின்னக் கருப்பன் ஊளையிட்டுக்கொண்டு ஓடினான். அவ்வளவுதான், மறுபடி அவனை யாரும் பார்க்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்த பிறகும் மகரிஷி அவனை நினைவு வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அடித்தவர்மீது அவர் சினம் கொள்ளவில்லை. ஆனால் அந்தச் சிறு அடியை அற்பமென்று ஒதுக்கவும் இல்லை.

1916-ல் தாயார் அழகம்மாள் மகனுடன் வாழ மலைக்கு வந்து சேர்ந்தார். எல்லோரும் சற்று உயரே உள்ள கந்தாசிரமத்துக்குக் குடி பெயர்ந்தார்கள். அங்கே குட்டியாக வந்தவள் கமலா. பெட்டை நாய் குட்டி போட்டுப் பெருகிவிடும் என்று அஞ்சி விரட்டிப் பார்த்தார்கள். அவள் அசையவில்லை. அஞ்சியபடியே குடும்பம் பெருகியது. குட்டிகள் எல்லாம் வீட்டுப் பிள்ளைகளாகவே வளர்ந்தன. முதற் பேற்றின்போது கமலாவைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, பத்து நாள் சுத்தமான இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் விருந்தும் நடந்தது. பெற்ற பெண்ணுக்குச் செய்யும் முறை இதுதானே! கமலாவும் சோறு தின்று சும்மா கிடந்தவள் அல்ல. புதிதாக வருபவருக்கு மலையைக் காட்டிவர மகரிஷி அவளைத்தான் அனுப்புவார். ஒவ்வொரு குகைக்கும் சுனைக்கும் சந்நிதிக்கும் வழிகாட்டிவிட்டுத் திரும்புவாள்.

1922 மே 19 அன்று தாயார் மறைந்தார். அவருடைய சமாதி மலையடிவாரத்தில் அமைந்தது. அவ்வாண்டு இறுதியில் மகரிஷி அங்கேயே தங்கிவிட, இன்றைய ரமணாசிரமம் உருவாயிற்று. அப்போது அது கூரைக் கொட்டகைதான். 1924 ஜூன் 26 நள்ளிரவில் அங்கே திருடர்கள் புகுந்தார்கள். ஜன்னலை உடைத்தார்கள், மிரட்டினார்கள். அந்த நேரத்திலும் மகரிஷியின் கவலை நாயின் மேல் போயிற்று. உடல் நலிந்த கருப்பன் என்ற நாயை - இவன் வேறு கருப்பன் - திருடர்கள் அடித்துவிடுவார்களே என்று, அவனை வேறு குடிசைக்குத் தூக்கிப் போகச் சொன்னார். அதன் பின்னரே மற்றவர்களுடன் வெளியேறினார். வெளியே வருகையில் அவர் இடது தொடையில் அடி விழுந்தது. தடியை எடுத்துப் பதிலடி கொடுக்கத் துடித்த சீடரையும் தடுத்துவிட்டார். திருடர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

1926-ல் குடியாத்தம் பக்கத்திலிருந்து அன்பர் ஒருவர் ஒரு பசுவையும் கன்றையும் கொண்டுவந்து விட்டார். அந்தக் கன்றுதான் லட்சுமி. இருபத்திரண்டு ஆண்டுகள் உரிமையோடு மகரிஷியிடம் வந்து தலையை நீட்டி நின்றவள். 1948 ஜூன் 18 அன்று அவள் உயிர் பிரியும் தறுவாயில், மகரிஷி அருகே தரையில் அமர்ந்து அவள் தலைமீது கை வைத்திருந்தார். தம் தாயாரின் கடைசி நேரத்தில் எப்படி இருந்தாரோ, அப்படியே.

அதற்கு இரண்டு ஆண்டுக்குள், 1950 ஏப்ரல் 14 இரவு, புற்றுநோயால் வருந்திய அவர் உடலும் அடங்கியது.

நாமும் சொந்த ஊரை விட்டு வந்தவர்கள்தாம். இங்கே யாரேனும் பாண்டி என்று ஏளனமாகக் கூப்பிட்டால் நெஞ்சு சுருக்கென்கிறது. கூலியில் குறைந்ததால் அல்ல, பேச்சில் நம்மை ஒரு படி கீழே இறக்கியதால் வரும் வலி அது. சின்னக் கருப்பனை ஓட வைத்ததும் அந்த வலிதான். தெரு நாயால் தொல்லை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தடுப்பூசி போடவும் வேண்டும், பெருக்கத்தை அடக்கவும் வேண்டும். குழந்தைகளைக் காக்கவும் வேண்டும். அவற்றைச் செய்யலாம், அதற்குக் கல் தேவையில்லை.

அடுத்த முறை கிரிவலத்துக்கு அண்ணாமலை போகும் அன்பர்கள் ரமணாசிரமத்துள் சற்று நடந்து பாருங்கள். பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம், ஜாக்கி என்ற நாய் ஆகிய நால்வருக்கும் அங்கே அருகருகே சமாதிகள் இருக்கின்றன. சின்னக் கருப்பனுக்கு மட்டும் கல் இல்லை. அவன்தான் திரும்பி வரவே இல்லையே.