உலோகத்தின் ரகசியத்தை அறிந்த டெய்லர்

மண் சட்டி கீழே விழுந்தால் உடைந்துவிடுகிறது. அலுமினியப் பாத்திரம் விழுந்தால் நசுங்குகிறது, ஆனால் உடைவதில்லை. ஏன்?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட மேதைகளில் ஒருவர், ஜெப்ரி இங்கிராம் டெய்லர்.

கணித மேதையின் பேரன்

இவர் 1886-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை ஓவியர். தாயைப் பெற்ற பாட்டனார், ஜார்ஜ் பூல் என்ற கணித மேதை. ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் முறையை வகுத்தவர் அவர். பேரன் முகத்தைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1864-லேயே காலமாகிவிட்டார்.

டெய்லர் கேம்பிரிட்ஜில் படித்தார். 1912-ல் டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. மறு ஆண்டு, பனிப்பாறைகளைக் கண்காணிக்கச் சென்ற ‘ஸ்கோஷியா’ கப்பலில் இவரும் போனார். காற்றின் போக்கை ஆராய்வது இவர் வேலை.

முதல் உலகப் போரின்போது விமான ஆராய்ச்சியில் ஈடுபட்டார். தாமே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். அங்கேதான் உலோகத்தின் பலம் பற்றிய சிந்தனை வளர்ந்தது.

ஜமுக்காள வித்தை

உலோகம் என்பது சின்னஞ்சிறு மணிகள் நெருங்கிச் சேர்ந்தது. ஒவ்வொரு மணியிலும் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மீது வழுக்கும்போது உலோகம் உருமாறுகிறது. 1923-ல் கான்ஸ்டன்ஸ் ஈலம் என்ற பெண் விஞ்ஞானியுடன் சேர்ந்து, ஒரே மணியாலான அலுமினியத்தை இழுத்துப் பார்த்து, டெய்லர் இதை அளந்தார்.

ஆனால் ஒரு புதிர்! அடுக்கு முழுவதும் ஒரே சமயத்தில் நகர வேண்டுமானால் மிகப் பெரிய பலம் தேவை என்றது கணக்கு. உண்மையிலோ, ஆயிரத்தில் ஒரு பங்கு பலமே போதுமாயிருந்தது!

பெரிய ஜமுக்காளத்தை இழுப்பது கடினம். ஓரத்தில் ஒரு மடிப்பு உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகரும். அணு அடுக்கிலும் அப்படி ஒரு குறை இருக்கிறது. அது ஓடுவதால்தான் உலோகம் வளைகிறது. 1934-ல் டெய்லர் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் ஓரோவான், போலான்யி என்ற இருவரும் தனித்தனியே இதையே கண்டார்கள்.

ஐந்து வழிகள்

தனி மணி இஷ்டம்போல் உருமாறலாம். பக்கத்து மணிகள் நெருக்கும்போது? இடையில் பிளவு விழாமல் இருக்க, ஒவ்வொரு மணியும் குறைந்தது 5 வழிகளில் வழுக்க வேண்டும். அலுமினியத்தில் இருப்பவை 12 வழிகள். அவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க 792 விதங்கள் உண்டு! கம்ப்யூட்டர் இல்லாத 1938-ல் டெய்லர் இந்தக் கணக்கைப் போட்டார்.

பின்னர் 1951-ல் ஹாலும் 1953-ல் பெட்சும், மணிகள் சிறுக்கச் சிறுக்க உலோகம் வலுக்கிறது என்று காட்டினார்கள். ஓடிவரும் மடிப்பை மணியின் ஓரம் தடுத்துவிடுகிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மணிகள் அளவுக்கு மீறிச் சிறுத்தால் அவை ஓரங்களிலேயே நழுவி, செம்பு பலம் குறைகிறது என்று 1998-ல் கம்ப்யூட்டர் கணக்கு ஒன்று காட்டியது.

1944-ல் ‘சர்’ பட்டம் பெற்ற டெய்லர், 1975-ல் 89-வது வயதில் மறைந்தார். உலோகம் எப்படி வளையும் என்று இன்று கம்ப்யூட்டரில் கணிப்பவர்கள், தங்கள் விடையை டெய்லரின் விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் இயங்குவதோ, பாட்டனார் பூல் வகுத்த ‘உண்டு, இல்லை’ கணக்கில்!