பாலம் தந்த வள்ளல் கோஜா பெட்ருஸ் உஸ்கான்

தண்ணீரைக் கடப்பது என்றால் என்னவென்று பசியாவரத்துத் தோழியருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பழவேற்காட்டுக்குப் படகில் வந்து சேர்ந்த காலை நேரங்களை நம் அன்னையரும் பாட்டியரும் கதை கதையாகச் சொல்வார்கள். காற்று வலுத்தால் கரையிலேயே நிற்க வேண்டும். நோயாளியானாலும் பிள்ளைத்தாய்ச்சியானாலும் படகுக்காகக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரு நீர்நிலையின் மீது பாலம் கட்டிக் கொடுப்பது எத்தகைய அறம் என்பதை ஏரிக்கரையில் வாழும் நாம் பிறரைவிட நன்கு உணர்வோம். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அத்தகைய அறத்தைத் தம் கைப்பொருளால் செய்து முடித்த ஒரு கிறிஸ்தவ வணிகரின் வாழ்க்கையை இங்குக் காண்போம். அவர் பெயர் கோஜா பெட்ருஸ் உஸ்கான்.

உஸ்கான் ஓர் ஆர்மீனியர். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பழம்பெரும் நாடு ஆர்மீனியா. ஆனால் அம்மக்களின் வரலாறு துன்பம் நிறைந்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அவர்களுள் பல்லாயிரவரைச் சொந்த ஊரினின்று பெயர்த்து, இஸ்பஹான் நகரின் அருகே குடியேற்றினார். அவ்வாறு தோன்றிய ஊர்தான் புது ஜுல்பா. இழந்த ஊரை நினைத்துக் கண்ணீர் வடித்த மக்கள், உழைப்பாலும் நாணயத்தாலும் அந்தப் புதிய ஊரை உலகறிந்த வணிகத்தலமாக உயர்த்தினர். அவ்வூரில் செல்வாக்கு மிக்க ஒரு குடும்பத்தில் பிறந்தவர் நம் உஸ்கான்.

வாணிபத்தின் பொருட்டுக் கடல் கடந்த அவர், மணிலா வரை சென்று பொருள் ஈட்டினார். 1720-களில் சென்னைப் பட்டினத்தில் நிலைபெற்றார். அந்நாளில் சென்னை, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுகையில் இருந்தது. அந்நியராக வந்தவருக்கு அந்நகரம் வாழ்வளித்தது. செல்வமும் செல்வாக்கும் பெருகின. பெற்றதையெல்லாம் தம் திறமையின் பயன் என்று எண்ணி அவர் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. இறைவன் தந்ததாக எண்ணினார். அதனால் திருப்பித் தரும் வழியையும் தேடினார்.

வழி அவர் கண்ணெதிரே இருந்தது. சென்னைக்குத் தெற்கே உள்ள பரங்கிமலை, திருத்தூதர் தோமையார் தம் இன்னுயிரைத் தந்த இடமென மரபு போற்றும் திருத்தலம். சென்னையிலிருந்து அம்மலைக்குச் செல்வோர் சைதாப்பேட்டை அருகே அடையாற்றைக் கடக்க வேண்டும். கோடையில் ஆறு அமைதியாகத்தான் இருக்கும். மழை பெய்துவிட்டாலோ அதன் உருவமே மாறிவிடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் அதே அடையாறு கரைபுரண்டு நகரையே கலங்கச் செய்ததை நாம் மறக்க முடியுமா? முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அங்குப் பாலமும் இல்லை. திருப்பயணிகள் கரையில் காத்துக் கிடக்க நேர்ந்தது.

1726-ஆம் ஆண்டு உஸ்கான் அவ்வாற்றின் மீது வளைவுகள் கொண்ட உறுதியான பாலத்தைக் கட்டி முடித்தார். அதற்கு அவர் செலவிட்ட தொகை 30,000 வராகன் என்பர். கட்டியதோடு கடமை முடிந்தது என்று அவர் இருந்துவிடவில்லை. காலப்போக்கில் பாலம் பழுதுபடுமே என்று எண்ணி, அதைப் பேணிக் காப்பதற்கென மேலும் 1,500 வராகனை ஒதுக்கி வைத்தார். கொடுப்பவர் பலர் உண்டு. கொடுத்த பொருள் நாளை என்னவாகும் என்று கவலைப்படுபவர் சிலரே. அச்சிலருள் ஒருவர் உஸ்கான்.

பாலத்தைக் கடந்தவர்கள் அடுத்து மலையேற வேண்டுமே! முதியோரும் குழந்தைகளும் எளிதில் ஏறிச் செல்வதற்காகப் பரங்கிமலையில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்படிகளையும் அவர் அமைத்தார். வேப்பேரியில் அற்புத மாதாவின் சிற்றாலயத்தையும் தம் செலவில் எழுப்பினார். பாலமோ கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று இருக்கவில்லை. சந்தைக்குச் செல்லும் உழவரும், தலைச்சுமையுடன் செல்லும் பெண்களும், எச்சமயத்தாரும் அதில் நடந்தனர். 'மார்மலாங் பாலம்' என்று அந்நாளில் அது வழங்கியது. நம் மாம்பலத்தின் பெயர்தான் அயலார் நாவில் அவ்வாறு திரிந்தது.

இதுவரை நாம் கண்டது செல்வரின் ஈகை. மிகுதியிலிருந்து கொடுப்பது எளிது என்று சிலர் கூறலாம். காணிக்கைப் பெட்டியில் இரு சிறு காசுகளை இட்ட ஏழைக் கைம்பெண்ணையன்றோ நம் ஆண்டவர் புகழ்ந்தார்? உஸ்கானுக்கும் அத்தகைய சோதனை வந்தது.

1746-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியது. உஸ்கானின் உடைமைகளும் பறிமுதலாயின. புதுச்சேரியில் வந்து குடியேறினால் அவற்றைத் திரும்பப் பெறலாம் என்று பிரெஞ்சுக்காரர் தெரிவித்தனர். முதுமை நெருங்கிய பருவம். ஆயுள் முழுதும் உழைத்துத் தேடிய பொருள். ஒரு சொல் சம்மதித்தால் போதும். ஆனால் தமக்கு வாழ்வளித்தவர்களை அவர்களுடைய துன்பகாலத்தில் கைவிடுவது முறையன்று என்று கூறி, அவர் அதனை மறுத்துவிட்டார். பாலம் கட்டியபோது செல்வத்தின் ஒரு பகுதியைத் தந்தார். இப்போது நன்றியின் பொருட்டுப் பெரும் பொருளை இழக்கத் துணிந்தார்.

1749-இல் சென்னை மீண்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1751-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் உஸ்கான் இறைவனடி சேர்ந்தார். வேப்பேரியில் தாம் எழுப்பிய ஆலயத்திலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் விருப்பப்படி இதயம் மட்டும் பிறந்த ஊரான ஜுல்பாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. வாழவைத்த ஊருக்கு உடலையும், பெற்றெடுத்த ஊருக்கு இதயத்தையும் தந்து, இரண்டிற்கும் அவர் நன்றிக்கடன் தீர்த்தார்.

அவர் பெற்ற கைம்மாறு என்ன? கத்தோலிக்கர்மீது ஐயங்கொண்ட கம்பெனியார், அவர் மறைந்த மறு ஆண்டிலேயே அந்த வேப்பேரி ஆலயத்தை எடுத்துப் புரோட்டஸ்டண்டு சபையின் குருக்களிடம் ஒப்படைத்தனர். எவருக்காகப் பொருளை இழந்தாரோ அவர்களே இவ்வாறு செய்தனர். குணம் பெற்ற தொழுநோயாளர் பதின்மருள் ஒருவரே திரும்பி வந்து நன்றி கூறிய நிகழ்ச்சி நம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஆயினும் ஒன்பது பேர் திரும்பவில்லை என்பதற்காக ஆண்டவர் தாம் அளித்த நலத்தைத் திரும்பப் பெறவில்லை. உஸ்கானின் பாலமும் அவ்வாறே, நன்றியுள்ளோரையும் நன்றியற்றோரையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாகவே சுமந்தது.

1966-இல் அவ்விடத்தில் மறைமலை அடிகள் பெயரால் புதிய பாலம் எழுந்தது. பழைய பாலம் மறைந்தாலும், அவர் கொடையை அறிவிக்கும் கல்வெட்டு எஞ்சி நின்றது. பரங்கிமலைப் படிகளிலோ இன்றும் பக்தர்கள் ஏறிச் செல்கின்றனர்.

தோழியரே! நம்மால் ஆற்றின்மீது பாலம் கட்ட இயலாமற் போகலாம். ஆனால் பாடம் புரியாத தோழிக்கு அதைச் சொல்லித்தரலாம். மதிய உணவு கொண்டு வராதவளோடு நம் உணவைப் பகிரலாம். நாம் படிப்பதற்காக விடியுமுன் ஏரியில் வலை வீசும் தந்தைக்கும், மீன் கூடை சுமக்கும் தாய்க்கும் ஒரு நன்றிச் சொல்லை இன்று மாலையே கூறலாம். பசியாவரம் என்னும் பெயரைக் கேட்கும்போதெல்லாம் பசியாத வரம் என்றே பொருள் கொள்ளத் தோன்றுகிறது. பெற்றதற்கு நன்றி கூறிப் பிறரோடு பகிரும் கைகள் உள்ள ஊருக்கு அந்த வரம் நிச்சயம் வாய்க்கும்.