வட்டத்தொட்டியில் நமக்கும் ஓர் இடம்



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். டெக்னிக்கலாக எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள். உண்மையைச் சொன்னால் நானே படிக்க மாட்டேன்! அதனால், நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசுவதையே வாழ்க்கையாக்கிக் கொண்ட ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர்தான் ரசிகமணி டி.கே.சி. முழுப்பெயர் டி.கே. சிதம்பரநாத முதலியார்.

1881-ல் பிறந்தவர். தென்காசிக் குடும்பம். தந்தை பெயர் தீத்தாரப்ப முதலியார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, சட்டமும் முடித்து, திருநெல்வேலியில் வக்கீலாகப் பதிவு செய்து கொண்டார். ஆனால் மனசு கேஸ் கட்டில் ஒட்டவே இல்லை. கோர்ட்டில் நேரம் கழிந்ததைவிட கம்பன் பாட்டில் கழிந்த நேரம்தான் ஜாஸ்தி. நம்மில் சிவில் படித்துவிட்டு சாஃப்ட்வேருக்குப் போனவர்களுக்கு இது நன்றாகவே புரியும்!

1920-களில் அவருடைய திருநெல்வேலி வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் கூட ஆரம்பித்தார்கள். வட்டமான தொட்டிக்கட்டில் உட்கார்ந்து பேசியதால் அதற்கு வட்டத்தொட்டி என்றே பெயர் வந்துவிட்டது. மேடை கிடையாது, மாலை கிடையாது. டி.கே.சி. ஒரு பாட்டை எடுப்பார். ஒரு தரம் சொல்வார், மறுபடி சொல்வார், நிறுத்தி நிதானமாக இன்னொரு தரம் சொல்வார். கேட்கிறவருக்கு அந்தப் பாட்டு தானாகவே திறந்து கொள்ளும். தமிழ் என்றால் பண்டிதர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கியிருந்த வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அங்கேதான் ரசிகர்களானார்கள். பின்னாளில் ஊர் ஊராகக் கோயில்களைப் பற்றி எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீனிவாசராகவன், ஹைகோர்ட் நீதிபதியாக உயர்ந்த எஸ். மகராஜன் எல்லோரும் அந்த வட்டத்து மனிதர்கள்தான்.

பதவியும் வந்தது. சென்னை மாகாண சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து அறநிலைய போர்டில் கமிஷனராக வேலை பார்த்தார். அதற்குப் பிறகு குற்றாலத்தில் வந்து அமர்ந்தார். சாரல் காலம் வந்தால் வீடு நிறைய விருந்தாளிகள். ராஜாஜி வருவார், கல்கி வருவார். பெயர் தெரியாத இளைஞனும் வருவான். எல்லோருக்கும் அதே பேச்சு, அதே உபசாரம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. பேசியது டி.கே.சி. என்றால், வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டுப் பரிமாறும் பொறுப்பு அவர் மனைவி பிச்சம்மாள் அம்மையாருடையது. அடுப்படியில் ஒருவர் சலிக்காமல் நின்றதால்தான் முற்றத்தில் பலர் கவலையில்லாமல் உட்கார முடிந்தது. நண்பர்களை முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குக் கூட்டிப் போகும் நம் ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

எல்லோரும் அவரோடு ஒத்துப் போனார்கள் என்றும் சொல்ல முடியாது. கம்பராமாயணத்தில் பெரும்பகுதி கம்பன் எழுதியதே அல்ல, பிறர் நுழைத்தது என்று அவர் சாதித்தார். தம் காதுக்கும் இதயத்துக்கும் சரியென்று பட்ட பாடல்களை மட்டும் வைத்துப் பதிப்பித்தார், சில இடங்களில் திருத்தவும் செய்தார். ஏட்டுச் சான்று எங்கே என்று புலவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். நானாக இருந்தால் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டிருப்பேன்! ஆனால் கம்பனை ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்களின் வாயில் ஏற்றியவர் அவர் என்பதை எதிர்த்தவர்களாலும் மறுக்க முடியவில்லை. தமிழிசை இயக்கம் எழுந்தபோதும் கல்கி, ராஜாஜியோடு முன்னால் நின்றார்.

அவருக்கு ஒரே மகன். தாத்தாவின் பெயரையே வைத்து தீத்தாரப்பன். நண்பர்களுக்கு தீபன். அப்பாவைப் போலவே தமிழில் ருசி உள்ள பிள்ளை. அந்தப் பிள்ளை இளம் வயதிலேயே போய்விட்டார். வீட்டுக்குள் விழுந்த இடி அது.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கல் பாட்டு எழுதி அனுப்பினார். மகனை இழந்த தகப்பனார் அந்தக் கவிதையின் அருமையையே வியந்து நின்றாராம். முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு இது புரியவில்லை. இப்படியும் ஒரு தகப்பனா என்று கோபம்கூட வந்தது. என் அப்பா காலமான அன்றைக்குப் புரிந்தது. பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்த ஹாஸ்டல் ரூம்மேட் ராத்திரி பஸ் பிடித்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தான். துக்கம் குறையவில்லை. ஆனால் அதைத் தூக்க இன்னொரு தோள் இருந்தது. கவிமணியின் பாட்டு டி.கே.சி.க்கு அப்படி ஒரு தோளாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் டி.கே.சி. கதவைச் சாத்திக் கொள்ளவில்லை. பேச்சும் விருந்தும் தொடர்ந்தன. நண்பர்களுக்குக் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். அவை பிறகு புத்தகமாகவும் வந்தன. 1954 பிப்ரவரியில் காலமானார். அதே வருஷம் டிசம்பரில் கல்கியும் போய்ச் சேர்ந்தார்.

கட்டிடம், பாலம் என்று அவர் எதையும் கட்டவில்லை. ஒரு முற்றத்தில் மனிதர்களை உட்கார வைத்தார், அவ்வளவுதான். அந்தச் சாயங்காலங்களைத்தான் நெல்லையில் இன்னும் பேசிக் கொண்டிருக்கிறார்கள்.

நம் வாட்ஸப் குரூப்பில் இருநூறு பேர் இருக்கிறோம். பிறந்தநாள் என்றால் கேக் படம் வந்து குவிகிறது. போன வருஷம் யார் வீட்டுக்கு யார் போனோம்? நான் ஒருவர் வீட்டுக்கும் போகவில்லை. அதனால் இந்தச் சந்திப்பு முடிந்து ஊருக்குத் திரும்பும்போது, பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு நண்பனின் விலாசத்தை வாங்கிக் கொண்டு போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோடு போய் உட்காருங்கள். மறக்காமல், முந்தின நாளே சொல்லிவிட்டுப் போங்கள்!