பதருக்குப் பொருள் சொன்ன ராமையா

களத்தில் நெல் தூற்றும்போது காற்றோடு பறக்கும் பதரைப் பார்த்து என் தாத்தா பெருமூச்சு விடுவார். பூக்கும் நேரத்தில் மழை பிடித்தால் நெல் பதராகிவிடும் என்பது அவர் அனுபவம். ஆனால் மழையே இல்லாத ஆண்டிலும் சில கதிர்கள் பதராவது ஏன்? தாவரவியல் மாணவனான பிறகு அதற்கு விடை தேடினேன். அப்போது அறிமுகமானவர்தான் நெல் விஞ்ஞானி கே. ராமையா அவர்கள்.

1892-ல் பிறந்த ராமையா, கோவை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நெல்லின் மரபியலை ஆராய்ந்தார். நெல்லின் உடற்செல்லில் 24 குரோமோசோம்கள், அதாவது 12 ஜோடிகள் உள்ளன. மகரந்தத் தாய்செல்லில் அந்த ஜோடிகள் முதலில் சேர்ந்து, பின் பிரிகின்றன. முடிவில் 12 குரோமோசோம்கள் கொண்ட நான்கு செல்கள் உண்டாகின்றன. இதுவே குன்றல் பகுப்பு. சூலினுள் முட்டை செல்லும் இப்படியே 12 குரோமோசோம்களோடு அமைகிறது. மகரந்தத்தின் இரண்டு ஆண் செல்களில் ஒன்று முட்டையோடு இணைந்து 24 குரோமோசோம்கள் கொண்ட கருவாகிறது. மற்றொன்று கருவூணைத் தோற்றுவிக்கிறது. நாம் உண்ணும் சோறு அந்தக் கருவூண்தான்!

1933-ல் ராமையாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 12 குரோமோசோம்களே கொண்ட அபூர்வ நெற்செடி ஒன்றைப் பற்றி எழுதினார்கள். ஒவ்வொரு குரோமோசோமும் துணையின்றித் தனித்து நின்றால் பகுப்பு ஒழுங்காக நடக்காது. நல்ல மகரந்தமும் முட்டையும் உண்டாகா. ஆகவே இத்தகைய செடி மலடாகிறது. தாத்தாவின் பதருக்குள் மழை மட்டுமல்ல, செல்லின் கணக்கும் உண்டு என்று அன்று புரிந்துகொண்டேன்.

1946-ல் தொடங்கிய கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார் ராமையா. நம் இண்டிகா நெல்லையும் ஜப்பானிய ஜப்பானிகா நெல்லையும் கலக்கும் திட்டத்துக்கு அவரே வழிகாட்டி. இக்கலப்பின் முதல் தலைமுறையில் பதரே மிகுதி. இருந்தும் முயற்சி கைவிடப்படவில்லை. அடுத்தடுத்த தலைமுறைகளில் மணி பிடித்த செடிகளைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தார்கள். அந்த உழைப்பின் பயனாக, ஜப்பானின் நோரின் 10, நம் ஜி.ஈ.பி. 24 ஆகியவற்றின் வழித்தோன்றலாக, நம் ஆடுதுறையில் தேர்வு செய்யப்பட்டதே ஏ.டி.டி. 27. 1960-களில் தஞ்சைத் தரணியின் குறுவை வயல்களை அது நிறைத்தது. என் தாத்தாவும் வாலிப வயதில் அதை நட்டவரே.

ராமையா 1988-ல் மறைந்தார். இந்த வரலாற்றைத் தாத்தாவிடம் சொன்னேன். ஒரு கைப்பிடிப் பதரை அள்ளி, முதன்முறையாகப் பெருமூச்சில்லாமல் உற்றுப் பார்த்தார்.