பாலைவனத்தைப் படம் பிடித்த பேராசிரியர்

ஆஸ்திரேலியாவின் நடுவே விரிந்து கிடக்கும் செம்மண் பாலைவனத்துக்கு 1894ஆம் ஆண்டில் ஒரு பேராசிரியர் போய்ச் சேர்ந்தார். அங்குள்ள விலங்குகளைச் சேகரிப்பதே அவரது வேலை. ஆனால், இன்று அவர் பெயர் நிலைத்திருப்பது, அங்கு வாழ்ந்த மனிதர்களை அவர் எடுத்த படங்களால்தான். அவர் வால்ட்டர் பால்ட்வின் ஸ்பென்சர்.

இங்கிலாந்தில் 1860ல் பிறந்த ஸ்பென்சர், ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1887ல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் முதல் உயிரியல் பேராசிரியரானார். ஹார்ன் ஆய்வுப் பயணக் குழுவில் விலங்கியல் அறிஞராகவும் புகைப்படக்காரராகவும் இடம்பெற்றபோதுதான் பாலைவனம் அவருக்கு அறிமுகமானது.

உயிரே இல்லாததுபோல் தெரிந்த அந்த மண்ணுக்கு அடியில் தவளைகள் இருந்தன. மழைக்காலத்தில் உடலில் நீரைத் தேக்கிக்கொண்டு, வறட்சி முடியும்வரை அவை மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். அவை எங்கே இருக்கும் என்பதைப் பூர்வகுடி மக்கள் அறிந்திருந்தனர். தண்ணீர் கிடைக்காத நாள்களில் தவளையைத் தோண்டி எடுத்து, அதன் நீரைக் குடித்துத் தாகம் தீர்த்தனர். அந்த நிலத்தின் விலங்குகளை அறிய வேண்டுமென்றால் அங்குள்ள மனிதர்களையும் அறிய வேண்டும் என்பது ஸ்பென்சருக்கு விளங்கியது.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் தந்தி நிலையத்தின் தலைவரான பிராங்க் கில்லன் அவருக்கு நண்பரானார். அரெர்ண்டே மக்களிடம் நெருங்கிப் பழகிய கில்லனும் படம் எடுப்பதில் ஆர்வம் கொண்டவர். 1896ன் பிற்பகுதியில் அங்கு நடந்த நீண்ட சடங்கைக் காண இருவருக்கும் அனுமதி கிடைத்தது. கங்காரு, ஈமு, மரப்புழு என ஒவ்வோர் உயிரினத்தையும் தங்கள் மூதாதையோடு இணைத்துப் பார்த்த அம்மக்கள், உடலில் வண்ணம் பூசி, இறகுத் தூவிகளை ஒட்டி அந்த மூதாதையராகவே ஆடினர். நிலம், விலங்கு, மனிதர் என்ற மூன்றும் ஒரே படத்துக்குள் வந்தன.

அந்தப் படங்களோடு 1899ல் இருவரும் வெளியிட்ட நூல் ஐரோப்பிய அறிஞர்களிடையே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1901ல் மீண்டும் புறப்பட்ட அவர்கள், திரைப்படக் கருவியையும் மெழுகு உருளையில் ஒலியைப் பதியும் கருவியையும் உடன் கொண்டுசென்றனர். ஆட்டமும் பாட்டும் பதிவாயின.

ஆனால், ஸ்பென்சரின் பார்வையில் பெரிய குறையும் இருந்தது. பூர்வகுடி மக்கள் விரைவில் அழிந்துவிடுவார்கள் என்றே அவர் நம்பினார். 1912ல் வடக்குப் பிரதேசத்தில் பூர்வகுடியினரின் தலைமைப் பாதுகாவலராகப் பணியாற்றிய அவர், கலப்பினப் பிள்ளைகளைப் பூர்வகுடி முகாம்களிலிருந்து பிரித்து வைக்கப் பரிந்துரைத்தார். அத்தகைய கொள்கையால் பல தலைமுறைப் பிள்ளைகள் பெற்றோரை இழந்தனர். சடங்குகளை நுணுக்கமாகப் பார்த்தவருக்குத் தாயின் துயரம் கண்ணில் படவில்லை.

படங்களிலும் சிக்கல் இருந்தது. சடங்கில் சேர்க்கப்பட்ட ஆண்கள் மட்டுமே காண வேண்டிய காட்சிகள், நூல் வாங்கிய எவரும் பார்க்கும்படி அச்சேறின.

1929ல் தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள பூர்வகுடி மக்களை ஆராயச் சென்ற இடத்தில், 69 வயதில் ஸ்பென்சர் காலமானார்.

அவர் எதிர்பார்த்தபடி அரெர்ண்டே மக்கள் அழிந்துவிடவில்லை. மெல்பர்ன் அரும்பொருளகத்தில் உள்ள அவரது சேகரிப்பில் புனிதமான காட்சிகள் இன்று பொதுப் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை. அவற்றை யார் பார்க்கலாம் என்பது குறித்து அந்தச் சமூகத்தின் மூத்தோரிடம் கலந்து பேசப்படுகிறது. தங்கள் தாத்தாக்களின் முகத்தையும் மறந்துபோன பாடல்களையும் பேரப்பிள்ளைகள் அங்கே மீண்டும் தேடிக் காண்கின்றனர். மறையப்போகும் இனத்தின் கடைசிச் சாட்சி என்று ஸ்பென்சர் எண்ணி எடுத்த படங்கள், இன்று அம்மக்களின் குடும்பச் சொத்தாக விளங்குகின்றன.