கீழே வையாத துடுப்பு

மட்டக்களப்பு வாவியிலே விடியற்காலையில் தோணி செலுத்துவோர் கையில் இருப்பதும் துடுப்பு; மாலையில் வாவிக்கரை மைதானங்களில் இளைஞர் ஏந்தி நிற்பதும் துடுப்பு. ஈழத்துத் தமிழ் இரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்கியிருக்கிறது. தோணியாயினும் ஆட்டமாயினும், முதுமை எய்தியவனை வாட்டும் கேள்வியும் ஒன்றே: துடுப்பை எப்போது கீழே வைப்பது?

மட்டக்களப்பிலே அமெரிக்க யேசுசபைத் துறவியாகிய வெபர் அடிகளாரின் பெயரால் ஒரு மைதானம் உண்டு. அவர் பிறந்த நாட்டினர் பெரிதும் போற்றும் பேஸ்போல் ஆட்டம் இக்கேள்விக்கு ஒரு விடை கண்டிருக்கிறது. வயது முதிர்ந்த வீரனை வாங்கில் அமர்த்தி வைப்பர். நெருக்கடி வேளையில் வேறொருவனுக்குப் பதிலாகப் பந்தை அடிக்க மட்டும் அழைப்பர். ஓடித் தளர்ந்த கால்களுக்கு ஓய்வு. தேர்ந்த கண்ணுக்கு வேலை. ஆயினும் கண்ணும் மங்க மங்க, ஆண்டுதோறும் அவன் மதிப்புத் தேய்ந்துகொண்டே போகும். கிரிக்கெட்டில் முதியவனுக்கு இந்தச் சலுகையும் இல்லை. துடுப்பெடுத்தாட விரும்புகிறவன் வெயிலில் நின்று பந்தையும் தடுத்தாக வேண்டும். அறுபது வயது கடந்தும் இச்சோதனைக்குத் தம்மை உட்படுத்தியவர் கர்னல் சி. கே. நாயுடு.

கொட்டாரி கனகையா நாயுடு 1895ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி நாகபுரியில், தெலுங்குக் குடும்பமொன்றிற் பிறந்தார். 1916இல் முதற்தர ஆட்டத்தில் அடியெடுத்து வைத்தார். 1923இல் ஹோல்கர் மன்னர் அவரை இந்தூருக்கு அழைத்துத் தம் படையிற் பதவி வழங்கினார். 1926 டிசம்பரில், பம்பாய் ஜிம்கானா மைதானத்தில், ஆதர் கில்லிகன் தலைமையில் வந்த எம். சி. சி. அணிக்கெதிராக இந்துக்கள் அணியின் சார்பில் 153 ஓட்டங்கள் குவித்தார். அவற்றுள் ஆறோட்ட அடிகள் மட்டும் 11. ஆங்கிலேயருடன் சமமாக நின்று ஆட இந்தியரால் முடியும் என்ற நம்பிக்கையை அந்த ஒரு நாள் வளர்த்தது. 1932இல் லோர்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோது தலைமை தாங்கியவர் அவரே.

1936இல் தலைமை விஜயநகரம் மகாராஜகுமாரரிடம் சென்றது. நாயுடு சாதாரண வீரராக மூன்று டெஸ்ட்களிலும் ஆடினார். ஓவல் மைதானத்தில் தம் இறுதி டெஸ்ட் இன்னிங்ஸில் 81 ஓட்டங்கள் எடுத்தபோது அவருக்கு வயது 40. வேறொருவராயின் அத்துடன் கதை முடிந்திருக்கும்.

அவர் கதை முடியவில்லை. 1945-46ஆம் ஆண்டு ரஞ்சிக் கிண்ண இறுதியாட்டத்தில் பரோடாவுக்கெதிராக 200 ஓட்டங்கள் பெற்றார். அப்போது வயது 50. முதற்தர ஆட்டங்களில் அவர் பெற்ற மிகக் கூடிய ஓட்டத்தொகையும் அதுவே. 1951-52 இறுதியாட்டத்தில் பம்பாயின் பட்கர் வீசிய பந்து வாயிற் பட்டுப் பற்கள் உடைந்தன. அவர் களத்தை விட்டு அகலாது ஆட்டத்தைத் தொடர்ந்தார்.

எனினும் காலம் எவருக்கும் விலக்களிப்பதில்லை. 1926இல் மைதானத்தை அதிரவைத்த வேகம் 1950களில் இருந்திருக்க முடியாது. ஓட்டத்தை மட்டும் கொண்டு அளந்தால் அவர் மதிப்புக் குறைந்ததென்றே கணக்குச் சொல்லும். ஓர் இளைஞனின் இடத்தை முதியவர் மறித்து நிற்பது முறையா என்ற வினாவும் நியாயமானதே.

இதற்கு விடையை அவர் இறுதிக் காலத்தில் ஆடிய அணிகளிற் காணலாம். 1953-54இல் ரஞ்சிக் கிண்ணத்துக்குப் புதிதாக வந்த ஆந்திர அணிக்குத் தலைமை தாங்கினார். 1956-57இல் உத்தரப் பிரதேச அணிக்கு ஆடினார். வெற்றி மிகுந்த அணியில் பழம்பெருமையின் நிழலில் ஒதுங்காமல், அனுபவம் வேண்டிநின்ற அணிகளை நாடிச் சென்றார். அங்கும் வெறும் அலங்காரப் பொருளாக இருக்கவில்லை. ராஜஸ்தானுக்கெதிராக 61ஆம் வயதில் 84 ஓட்டங்கள் எடுத்தார்; உலகப் புகழ்பெற்ற வினு மன்கட்டின் பந்தை இருமுறை எல்லைக்கப்பால் பறக்கவிட்டார். தர்ம நிதிக்காக நடந்த முதற்தர ஆட்டமொன்றில் 1963-64இல் கடைசியாகக் களமிறங்கியபோது வயது 68.

உடலைப் பேணுவதிலும் ஒழுங்கிலும் அவர் கண்டிப்பானவர். பிறரிடம் கோரிய கடுமையைத் தம்மிடமும் கோரினார். முதுமைக்கு மரியாதை கேட்பது எளிது. இளைஞனுக்குரிய அளவுகோலையே தனக்கும் வைக்கச் சொல்வது அரிது. நாயுடு இரண்டாவதைச் செய்தார்.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1967 நவம்பர் 14ஆந் திகதி இந்தூரிற் காலமானார். இன்று அவர் பெயரால் இந்தியாவில் இரண்டு சிறப்புகள் உள்ளன. ஒன்று இளைஞர் ஆடும் கிண்ணம். மற்றது வாழ்நாள் முழுதும் ஆட்டத்துக்கு உழைத்த மூத்தோர்க்கான விருது. ஆட வருவோருக்கும் ஆடி ஓய்ந்தோருக்கும் ஒரே பெயர் பொருந்துகிறது. கையில் வலுவுள்ள மட்டும் துடுப்பை வலிப்பவனை வாவியில் எவரும் தோணியிலிருந்து இறங்கச் சொல்வதில்லை. பாரமாக அமர்ந்திருப்பவனையே கரையில் விட்டுச் செல்வர். நாயுடு ஒருநாளும் பாரமாக அமர்ந்திருக்கவில்லை.