நாடு கடத்தப்பட்ட பத்திரிகை ஆசிரியர்
சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கை

பாளையத்தில் ஒரு சிலை இருக்கிறது. வலியசாலையிலிருந்தும் சாலைக் கடைவீதியிலிருந்தும் வேலைக்குப் போகும் நம்மவர்கள் பஸ்ஸில் தினமும் அதைக் கடந்து செல்கிறோம். அது யாருடைய சிலை என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது. பத்திரிகையில் எழுதியதற்காகத் திருவிதாங்கூரை விட்டே விரட்டப்பட்டவரின் சிலை அது. அவர் பெயர் ராமகிருஷ்ண பிள்ளை. "சுதேசாபிமானி" என்பது அவர் நடத்திய பத்திரிகையின் பெயர். பிற்பாடு அதுவே அவருடைய பெயராகவும் ஆகிவிட்டது.

அவர் கதையில் நம்மைப் போன்ற தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதிகள் இருக்கின்றன. பெருமைப்பட வேண்டியதும் உண்டு. வருத்தப்பட வேண்டியதும் உண்டு.

இளமை

1878-ம் ஆண்டு மே 25-ந் தேதி நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அதியன்னூரில் அவர் பிறந்தார். தந்தை நரசிம்மன் போற்றி கோவில் பூசாரி. தாயார் பெயர் சக்கி அம்மா. நெய்யாற்றின்கரையிலும் திருவனந்தபுரத்திலும் படித்தார். படிக்கும்போதே பத்திரிகைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. படித்தவர்களெல்லாம் சர்க்கார் உத்தியோகத்துக்கு அலைந்த காலம் அது. இவரோ 21-வது வயதில், 1899-ம் ஆண்டு, "கேரள தர்ப்பணம்" பத்திரிகையின் ஆசிரியர் ஆனார். பிறகு "கேரள பஞ்சிகா", "மலையாளி" ஆகிய பத்திரிகைகளிலும் பணியாற்றினார். முதல் மனைவி 1904-ம் ஆண்டு காலமானார். அதன் பின்னர் ஆசிரியையும் எழுத்தாளருமான பி. கல்யாணி அம்மாவை மணந்தார்.

முஸ்லிம் முதலாளி, நாயர் ஆசிரியர்

அஞ்சுதெங்குக்கு அருகே வக்கம் என்ற ஊரில் அப்துல் காதர் மௌலவி என்ற பெரியவர் இருந்தார். வசதியான குடும்பம். மார்க்க ஞானம் மிக்கவர். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்து, 1905-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி "சுதேசாபிமானி"யைத் தொடங்கினார். மறு ஆண்டு ராமகிருஷ்ண பிள்ளையை ஆசிரியராக அமர்த்தினார். 1907-ம் ஆண்டு பத்திரிகை திருவனந்தபுரத்துக்கு வந்தது.

பணம் போட்டவர் முஸ்லிம். எழுதியவர் நாயர். என்ன எழுத வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று மௌலவி ஒரு நாளும் கட்டளை இட்டதில்லை. பத்திரிகையால் தமக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் ஆசிரியரின் கையைப் பிடிக்கவில்லை. மதத்துக்கு ஒரு கட்சியாக மக்கள் பிரிந்து நிற்பதைப் பார்க்கிறோம். அந்தக் காலத்திலேயே இந்த இருவரும் ஒற்றுமைக்கு வழி காட்டிவிட்டார்கள்.

திவானோடு மோதல்

அப்போது மூலம் திருநாள் மகாராஜா ஆண்டுவந்தார். 1907-ம் ஆண்டு திவானாக வந்தவர் பி. ராஜகோபாலாச்சாரி. சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர். உத்தியோகங்களில் லஞ்சம், வேண்டியவர்களுக்குச் சலுகை, அரண்மனை ஊழியர்களின் செல்வாக்கு ஆகியவற்றை எல்லாம் "சுதேசாபிமானி" வெளுத்து வாங்கியது. அரசன் தெய்வத்தின் பிரதிநிதி என்ற எண்ணத்தையே ராமகிருஷ்ண பிள்ளை ஏற்கவில்லை. வரி கொடுக்கும் குடிமகனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பது அவர் கட்சி.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு பழைய மனத்தாங்கலும் இருந்தது. பெரிய உத்தியோகங்கள் வெளியூர்ப் பிராமணர்களுக்கே போகின்றன என்று 1891-ம் ஆண்டிலேயே பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு மகாராஜாவிடம் மனுக் கொடுத்திருந்தார்கள். "மலையாளி மெமோரியல்" என்று அதற்குப் பெயர். அந்த மனுவில் நியாயம் உண்டு. ஆனால் உத்தியோகஸ்தர் மீதான கோபம், அவர் பேசும் பாஷையின் மீதும் பாய்ந்துவிடுவது சுலபம். திவான் தமிழர் என்பதற்காகச் சாலையில் மூட்டை சுமக்கும் தமிழர் திவான் ஆகிவிட மாட்டார் அல்லவா?

நாடு கடத்தல்

1910-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி மகாராஜாவின் விளம்பரம் வெளியாயிற்று. போலீசார் அச்சகத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். இயந்திரம் பறிமுதல் செய்யப்பட்டது. ஆசிரியர் கைது செய்யப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. திருவிதாங்கூர் மண்ணில் இனிக் காலடி வைக்கக் கூடாது என்பதே உத்தரவு.

அன்று திருவனந்தபுரத்துக்கு ரயில் கிடையாது. 1918-ம் ஆண்டுதான் சாக்கை வரை ரயில் வந்தது. தம்பானூருக்கு வந்தது 1931-ல். ஆகவே தெற்கே போகும் சாலை வழியாக, ஆரல்வாய்மொழி எல்லையைத் தாண்டி அவரைத் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். பிறந்த தாலுகாவைக் கடந்து அந்நிய மண்ணுக்குப் போனபோது அவருக்கு வயது 32. பிழைப்புக்காக நாம் எந்தத் தமிழ் மண்ணை விட்டு இங்கே வந்தோமோ, அந்த மண்ணிலேதான் ஒரு மலையாளப் பத்திரிகை ஆசிரியர் அகதியாக இறங்கினார்.

அச்சகத்தை இழந்த மௌலவி அதைக் காப்பாற்றுவதற்காக ஆசிரியரைக் கைவிட்டுப் பேசவில்லை. அவர் 1932-ம் ஆண்டு காலமானார். கேரள மாநிலம் அமைந்த பிறகுதான் அச்சகம் அவர் குடும்பத்தாருக்குத் திரும்பக் கிடைத்தது.

பேனா செய்த தவறு

பெரிய மனிதரின் வாழ்க்கையில் நல்லதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். அப்படி நிறுத்தினால் அது உண்மை ஆகாது.

அதே 1910-ம் ஆண்டு, புலையர் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் சேர்க்க உத்தரவாயிற்று. வெங்ஙானூர் அய்யன்காளி வருஷக்கணக்கில் போராடிப் பெற்ற உத்தரவு அது. அதை எதிர்த்து எழுதியது "சுதேசாபிமானி". மற்றச் சாதிப் பிள்ளைகளோடு அவர்களை உட்கார வைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதற்குச் சமம் என்ற பொருளில் தலையங்கம் வந்தது. குடிமகனின் உரிமையைப் பற்றி முழங்கிய அதே பேனா, குழந்தைகளின் உரிமைக்குக் குறுக்கே நின்றது. அந்த உத்தரவு வந்ததும், சிறிது காலத்தில் அய்யன்காளி பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டதும், இவர் வசைபாடிய திவானின் காலத்தில்தான்.

1914, 1915-ம் ஆண்டுகளில் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் பள்ளிப் பிரவேசம் பெரிய கலவரமாயிற்று. ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைத்தார்கள். அப்போது ராமகிருஷ்ண பிள்ளை இந்த நாட்டிலேயே இல்லை. அந்தத் தீயை அவர் மூட்டவில்லை. ஆனால் அச்சில் ஏறிய சொல் அதை எழுதியவனோடு ஊரை விட்டுப் போவதில்லை.

கடைசி நாட்கள்

திருநெல்வேலியிலிருந்து சென்னை, பிறகு பாலக்காடு, குன்னங்குளம் என்று அலைந்தார். வறுமையும் நோயும் விடாமல் தொடர்ந்தன. அப்படியும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1912-ம் ஆண்டு கார்ல் மார்க்சின் வாழ்க்கை வரலாற்றை மலையாளத்தில் வெளியிட்டார். ருஷ்யப் புரட்சிக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய புத்தகம் அது. பத்திரிகைத் தொழிலைப் பற்றி "விருத்தாந்த பத்திரப் பிரவர்த்தனம்" என்ற நூலையும் அதே ஆண்டு எழுதினார்.

கடைசியில் கல்யாணி அம்மாவின் ஆசிரியை வேலையை நம்பிக் குடும்பம் கண்ணனூரில் தங்கியது. காச நோய் முற்றி, 1916-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி அவர் காலமானார். வயது 37. உடல் பையாம்பலம் கடற்கரையில் அடக்கமாயிற்று. சொந்த ஊரை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. பன்னிரண்டு ஆண்டு இல்வாழ்க்கையைக் கல்யாணி அம்மா "வியாழவட்ட ஸ்மரணகள்" என்ற புத்தகமாக எழுதினார்.

நமக்கு என்ன?

பத்திரிகையைப் பூட்டியதால் திருவிதாங்கூரில் அமைதி வந்துவிடவில்லை. பூட்டிய திவானின் பெயர் கெட்டது. பூட்டப்பட்டவரின் பெயர் நிலைத்தது. ஆனால் பத்திரிகைக்குச் சுதந்திரம் இருந்தால் மட்டும் அமைதி வந்துவிடும் என்பதும் இல்லை.

2011-ம் ஆண்டு டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது கம்பம்-குமுளிச் சாலை அடைபட்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ஊரிலிருந்து பெற்றவர்கள் பதறிப்போய் விசாரித்தார்கள். அந்த மாதிரி நாட்களில் ஒரு தலைப்பு வீட்டுக் கதவைச் சாத்த வைக்கும். ஒரு தலைப்பு திறக்க வைக்கும். தெருக்குழாயில் இரண்டு பேர் குடத்தால் இடித்துக்கொண்டதை இரண்டு பாஷைக்காரர்களின் சண்டை என்று எழுதி அனுப்ப ஐந்து நிமிஷம் போதும். அதை மறக்கடிக்க ஐந்து வருஷம் போதாது. பகுதிநேரமாகச் செய்தி எழுதி அனுப்பும் எனக்கு, அந்த ஐந்து நிமிஷத்தில் இவருடைய கதை நினைவுக்கு வர வேண்டும் என்பதே ஆசை.

கிழக்கே கோட்டையிலிருந்து பேரூர்க்கடைக்குப் போகும் பஸ்ஸில் ஒரு நாள் ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். பாளையத்தில் ராமகிருஷ்ண பிள்ளை இருக்கிறார். சற்று தூரம் போனால் வெள்ளயம்பலத்தில் அய்யன்காளி நிற்கிறார். இருவருக்கும் இந்த நகரம் சிலை வைத்திருக்கிறது. இருவரையும் பார்த்துவிட்டு இறங்குவதே நியாயம்.